அட்டையில் ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம்

சென்ற வாரம் மருதானையில் மழைக்கு ஒதுங்கிய பழைய புத்தகக் கடையில், ஈரம் குடித்த மலிவுத் தாளின் வாடை. கைக்கு அகப்பட்டது ஓர் அமெரிக்கக் கொமிக்ஸ். அட்டையில் கறுப்பு வீரன் ஒருவன் பாய்ந்துகொண்டிருந்தான். அக்காவின் நினைவு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். கொட்டாஞ்சேனையில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். துறைமுகத்தில் வேலைபார்த்த பெரியப்பா, கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போடும் கொமிக்ஸ்களைக் கொண்டுவருவார். கறுப்பு வீரர்கள் அவற்றில் அபூர்வம். வந்தாலும் சிறையிலிருந்தோ சேரியிலிருந்தோதான் வருவார்கள், வெள்ளை வீரனுக்கு ஓரடி பின்னால் நிற்பார்கள், பெயரிலேயே கறுப்பைச் சுமப்பார்கள். அச்சு மைகூட அவர்களுக்கு ஒழுங்காக அமையாது. அட்டையில் நல்ல பழுப்பாக இருப்பவன் உள்ளே ஒரு பக்கத்தில் சாம்பல், அடுத்த பக்கத்தில் ஊதா. “சண்டையெண்டா மட்டும் இவனைக் கூப்பிடுறாங்கள். இவனுக்கு வீடு வாசல் இல்லையோ?” என்பாள் அக்கா. என்றாலும் அவன் வரும் பக்கங்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அவளும் நல்ல கறுப்பு.

வெள்ளவத்தையிலிருந்து அவளுக்குச் சம்பந்தம் வந்தது. பெரியம்மா பவுடர் அப்பி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். ஸ்டூடியோக்காரர் படத்தில் முகத்தை வெளுப்பாக்கிவிட்டு, மடியிலிருந்த கைகளை மறந்துவிட்டார். அவை வேறு யாருடைய கைகளோ போலக் கிடந்தன.

“எனக்கும் மை மாறிப்போச்சு,” என்றாள் அக்கா.

“முகம் வடிவா வந்திருக்கு. கையை ஆர் பார்க்கப்போயினம்?” என்றார் பெரியம்மா.

“கலியாணத்தண்டு அவர் பிடிக்கப்போறது கையைத்தானே, அம்மா.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தனியே போய், பவுடர் இல்லாமல் வேறு படம் எடுத்தாள். அதுதான் வெள்ளவத்தைக்குப் போனது. பதில் வரவில்லை. பிறகு வந்த சம்பந்தங்களுக்கும் அதே படம்தான் போனது, ஒன்றும் சரிவரவில்லை. பெரியம்மா கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டார். அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். ஹெவ்லொக் டவுனில் தன் உழைப்பில் ஒரு சிறிய வீடு வாங்கினாள். தனியாகத்தான் இருக்கிறாள்.

நேற்று அந்தக் கொமிக்ஸை அங்கே கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சாம்பல், ஊதா, பழுப்பு. கடைசிப் பக்கத்தில் மற்ற வீரர்களெல்லாம் விருந்துக்குப் போய்விட, அவன் ஒரு கட்டடத்தின் உச்சியில் தனியே நின்றான்.

“இன்னும் வெளியிலதான் நிக்கிறான் பார்,” என்று சிரித்தாள்.

வானம் இருட்டியது. புறப்படும்போது புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினேன். அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இவன் இஞ்ச இருக்கட்டும். நீ மழைக்கு முதல் வெளிக்கிடு.”