ஆந்தைக்கு இன்னா வேல?

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் நான். பாட்டு என்றால் எனக்குச் சத்தத்தில் கூரை பறக்க வேண்டும். அன்று பிள்ளைகளை ஆளுக்கொரு மிருகத்தையோ பறவையையோ வைத்துப் பாட்டுக் கட்டச் சொன்னேன்.

"நரிக்கு இன்னா வேல? நண்டு புடிக்கிற வேல!" என்று ஒருத்தன் கத்த, வகுப்பே ஊளையிட்டது.

அடுத்தவள் ரோசி. எப்போதும் கிசுகிசுவென்றுதான் பேசுவாள். "சத்தமா சொல்லும்மா" என்றேன், வழக்கம்போல.

அவள் அதே குரலில் பாடினாள்:

"ஆந்தைக்கு இன்னா வேல?
கம்பெனியில நைட்டு வேல.
காலைல வந்து தூங்குது,
கத்தாதீங்க, பாவம் அது."

யாரும் சிரிக்கவில்லை. "எங்க ஊட்லயும் ஆந்த தூங்கிக்கினு கீது டீச்சர், எங்க நைனா" என்றான் பக்கத்திலிருந்தவன், ரகசியமாக. பிறகு வகுப்பு முழுவதும் அந்தப் பாட்டைக் கிசுகிசுப்பாகப் பாடத் தொடங்கியது. ஃபேன் சுற்றும் சத்தம்கூடக் கேட்டது. பெரிய பறவை ஒன்று எங்கள் நடுவே சிறகை மடித்துத் தூங்குவது போலிருந்தது. நானும் உதட்டை மட்டும் அசைத்துப் பாடினேன்.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை மெல்லப் பேசினால், "சத்தமா சொல்லு" என்பதில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து கேட்கிறேன். அதன் வீட்டில் யார் தூங்குகிறார்களோ!