மணிக்கட்டில் வைத்த மல்லிகை

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. சிதம்பரத்தில் வெண்மதியின் பியூட்டி பார்லருக்கு அடுத்த கடை என்னுடையது. அவள் வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை, ஏனென்றால் அவளுக்காகப் பரிந்து பேச என்னால் முடியாது.

வெண்மதி கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். மேக்கப் யார் வேண்டுமானாலும் போடலாம். அவள் பேர் வாங்கியது வாசனையில். காலை முகூர்த்தத்துக்கு அவள் வைத்துவிடும் வாசனை, ராத்திரி ரிசப்ஷன் முடியும்வரை நிற்கும். பெண் குளித்து வந்ததும், ஈரம் முழுசாகக் காய்வதற்குள் சந்தன லோஷன். அது தோலில் இறங்கிய பிறகு, நாடி துடிக்கிற இடங்களில் துளித் துளி வாசலின். மணிக்கட்டு, கழுத்து, காதுக்குப் பின்னால். அதற்கு மேல்தான் மல்லிகை சென்ட். தேய்க்கக் கூடாது, வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். உடம்புச் சூட்டில் சென்ட் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். அடியில் இருக்கிற லோஷன் அதைச் சீக்கிரம் பறக்கவிடாது.

"சூடும் நாடியும் இருந்தாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை தேவநாதன், மேலவீதிக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தவன். நான்கு வருஷம் காத்திருந்து, இரண்டு வீட்டையும் எப்படியோ வழிக்குக் கொண்டுவந்து முடிவான கல்யாணம். தாலி ஏறிவிட்டால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

திங்கட்கிழமை நலங்கு வைத்தார்கள். நலங்கு வைத்த பெண் தாலி ஏறும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். சென்ட்டைத் தொடவே கூடாது. மஞ்சள் உடம்பும் வாசனையும் சேர்ந்தால் வேண்டாததெல்லாம் தேடிக்கொண்டு வரும். எத்தனையோ கல்யாண வீடு பார்த்த வெண்மதிக்கு இது தெரியாதா என்ன?

செவ்வாய் மாலை 6.40க்குப் போன் வந்தது. ஒரு பெண்ணின் குரல்.

"கடலூர் முதுநகர்லேர்ந்து பேசறங்க. காலைல முகூர்த்தம். நீங்க வர்லன்னா பொண்ணு மணையில உக்காரமாட்டேங்குது."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சரி என்று வந்துவிட்டது. கல்யாணப் பெண்ணைக் காக்க வைக்கக் கூடாது என்று இரண்டு வருஷமாக அவளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புதன் விடியற்காலை 4.15. ஸ்கூட்டியில் மேக்கப் பெட்டியை வைக்கும்போது அம்மா பட்டம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நலங்கு வச்ச ஒடம்போட எங்கடி போற? சென்ட்டு பாட்டில வேற தூக்கினு..."

"ஒரே ஆர்டர்மா. எட்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

புதுச்சத்திரம் தாண்டியதும் நல்ல பனி. கடலூர்வரை எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. எந்நேரமும் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ரோடு அது. வெண்மதி கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரியாக 5.25க்குப் போனில் சொன்ன வீட்டை அடைந்தாள். முதுநகர் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடைசி வீடு. கதவு திறந்து கிடந்தது. வாசலில் வாழைமரமோ கோலமோ காணோம். உள்ளே பேச்சுக் குரலே கேட்கவில்லை. எல்லாரும் மண்டபத்துக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளறையில் பெண் கூரைப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். ஈரக் கூந்தல் முகத்தை மூடியிருந்தது. தலை குளித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்க வேண்டும், தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

டப்... டப்...

"மொதல்ல வாசனைய வைங்க. மூஞ்சி அப்பறம்" என்று கையை நீட்டினாள்.

வெண்மதி மணிக்கட்டைப் பிடித்தாள். பார்த்தால் ஒல்லிக் கை. பிடித்தால் பருமனாக இருந்தது. நல்ல சூடு. நாடி தடதடவென்று ஓடியது. கல்யாணப் பதற்றம், பாவம் என்று நினைத்தாள்.

5.31. லோஷன் தடவினாள். நாடி கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

அடுத்து வாசலின். இப்போது நாடி விட்டுவிட்டுத் துடித்தது.

அப்போதுதான் பார்த்தாள். லோஷன் உள்ளே இறங்கவில்லை. தோலுக்கு மேலேயே வெள்ளையாக நின்றது.

தரையில் சொட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

மணிக்கட்டில் சென்ட் வைத்தாள். கழுத்தில். காதுக்குப் பின்னால்...

வாசனை எழும்பவில்லை.

மறுபடி வைத்தாள். ம்ஹூம்.

கை ஜில்லென்று ஆகிக்கொண்டே வந்தது. விரலை அழுத்தி நாடியைத் தேடினாள்.

இல்லை.

"நின்னுடுச்சா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எ... என்னது?"

"ரெண்டு வருஷம் முன்னாடி வர வேண்டியவ நீ. நாலரைக்கே குளிச்சிட்டு ஒக்காந்திருந்தேன்."

இப்போது சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் தேவநாதனுக்கு வீட்டில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். கடலூர்ப் பெண், பெயர் பவானி. அவளுக்கு மேக்கப் போட வெண்மதிக்குப் போனிலேயே ஆர்டர் வந்தது. மாப்பிள்ளை யார் என்று தெரிந்தேதான் எடுத்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வெண்மதியும் தேவநாதனும் பேசி முடிவெடுத்தார்கள். அவன் மண்டபத்துக்கு வர மாட்டான். இவளும் போக மாட்டாள். போனை அணைத்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை. ஈரத் தலையோடு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தாள் பவானி. மேக்கப்காரி வந்துவிடுவாள், மாப்பிள்ளையும் வந்துவிடுவார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவளே சமாதானம் சொன்னாளாம். மணையில் உட்கார வேண்டியவளை அன்று சாயங்காலம் பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

வெண்மதி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். வண்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை. வீட்டுக்கு வந்து தேவநாதனுக்குப் போன் போட்டாள்.

ரிங் போனது.

போய்க்கொண்டே இருந்தது.

காலை 11.20க்குப் போலீஸ் வந்தது. தேவநாதன் அவனுடைய அறையில் செத்துக் கிடந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். அவனுடைய மணிக்கட்டிலும் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் காயாத சந்தன லோஷன், அதன் மேல் வாசலின். எல்லாவற்றிலும் பதிந்திருந்தது வெண்மதியின் விரல் ரேகை. அவள் பெட்டியும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

முதுநகரில் இருந்தேன் என்று அழுதாள். போலீஸ் அங்கேயும் போய்ப் பார்த்தது. பவானியின் அம்மா அப்பா காலி செய்துவிட்டுப் போன வீடு. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, பூட்டு துருப்பிடித்திருந்தது.

தேவநாதன் அறைக்கு எதிர்க் கடையில் ஒரு கேமரா இருக்கிறது. அதில் பதிவானதை நானும் பார்த்தேன். 5.25க்கு வெண்மதி பெட்டியோடு மாடிப்படி ஏறுகிறாள். 5.46க்கு வெறுங்கையோடு இறங்கி ஓடுகிறாள். அதை வைத்துத்தான் வழக்குப் போட்டார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறாள். தாலியும் இல்லை, தொழிலும் இல்லை.

ஆனால் அந்தப் பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றி வழக்கில் ஒருவரும் பேசுவதில்லை.

வெண்மதி படியேறி நின்றதும் கதவை உள்ளேயிருந்து ஒரு கை திறக்கிறது. தேவநாதன் கை இல்லை. முழங்கைவரை கல்யாண வளையல் போட்ட கை, தண்ணீர் சொட்டுகிறது. அவள் ஓடிய பிறகு அதே கை வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்துகிறது. அன்று காலை போலீஸ் மாடிக்குப் போனபோது கதவில் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்துக்கொண்டுதான் போனார்கள். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. உள்ளே தேவநாதன் மட்டும்தான் இருந்தான்.