சந்தனப் பொட்டுக்கு அடியில் பாஸ்வேர்டு

முதல் டெமோ வகுப்பில் நான் பாடம் நடத்தியதைவிட "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டதுதான் அதிகம். பின்னக் கணக்கின் பாதியில், வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனேன். ஆன்லைன் டியூஷன்காரர்கள் பெரிய மனது பண்ணி இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதுவும் சொதப்பினால் வேலை போச்சு. பள்ளிக்கூட வேலையை விட்டு மூன்று வருஷம் வீட்டிலேயே கிடந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

கோளாறு எங்கே என்று வீடியோ பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். தாடிக்கொம்பு ரோட்டில் எங்கள் வீட்டில் இருப்பது சிம் போட்டு ஓடும் ரவுட்டர். பகலில் அது ஓர் அலைவரிசையில் நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கிறது. நல்லதாக ஒன்றைப் பார்த்து அதிலேயே நிறுத்திவிட வேண்டும். அந்த வசதி 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' உள்ளே பூட்டிக் கிடக்கிறது. திறப்பதற்கான பாஸ்வேர்டு ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இவ்வளவுதானா என்று சனிக்கிழமை ஒன்பதரை மணிக்குத் துள்ளிக்கொண்டு அதைப் புரட்டினேன்.

ஸ்டிக்கர் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு நானே வைத்தது! மிக்சி, பைக், லேப்டாப் எல்லாவற்றுக்கும் முன்பக்கம் வைத்தவள், விளக்கு மறையுமே என்று ரவுட்டருக்கு மட்டும் அடியில் அப்பியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆத்திரத்தில் நகத்தால் சுரண்டினேன். சந்தனத்தோடு கடைசி எண்ணும் பாதி உரிந்து வந்தது.

"ஏம்மா, சுரண்டாத! செத்த நேரம் பொறு, வாரேன்," என்று என் வீட்டுக்காரர் உள்ளே ஓடினார். தேங்காய் எண்ணெயும் பஞ்சுமாகத் திரும்பி வந்தார். எண்ணெய் ஊறியதும் சந்தனம் வழுக்கிக்கொண்டு வந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தெரியத் தாளில் குறித்துக்கொண்டேன். கடைசி எண் மட்டும் மூன்றா எட்டா என்று புரியவில்லை.

"தப்பா அடிச்சா பூட்டிக்கிருமாம்ங்க."

"மூணு தடவைக்கு அப்புறம்தான? இருக்கறதே ரெண்டு. அடி, பாத்துக்கிருவோம்."

மூன்று போட்டேன், திறக்கவில்லை. எட்டுப் போட்டேன். அம்மாடி, திறந்துவிட்டது! இத்தனை மாதமாகக் கண்ணில் படாத பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. அலைவரிசைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். நான்காவதில் சிவப்பு விளக்கு பச்சையானது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பத்தே முக்காலுக்கு அவர் தன் போனை அணைத்தார். "என் போனு ஒன் நெட்டத் திங்க வேணாம்," என்று சொல்லிவிட்டு, வாசலில் ஜன்னலோரம் நின்ற பைக்கில் போய் உட்கார்ந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு வகுப்பு முடிந்தது. "திங்கக்கெழமையிலருந்து சேந்துக்கங்க மேடம்," என்று திரையில் இருந்த பெண் சொன்னதும் கும்பிடு போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"ஏங்க, கெடச்சிருச்சு!"

"தெரியும்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"இம்புட்டு நேரம் இங்கனதான இருந்தேன். ஒரு தடவகூட நீ 'கேக்குதா'ன்னு கேக்கலையே."