ஆயிரம் கட்டி உடைத்தவள்

வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். ஆள் அவ்வளவுதான் உயரம். வாய் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். அந்தச் சுண்டெலி, கட்டடப் பொறியியல் படிக்க ரயிலில் பதினாறு மணி நேரம் போக வேண்டிய பல்கலைக்கழகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும் சித்தப்பா குதித்தார்.

"ஏன், இங்க இருக்கிற காலேஜ்ல பாடம் கசக்குதாமா?"

பஸ் ஓட்டும் அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றார்.

தூரம் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாலு நாள் லீவு விட்டால் மற்ற பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். இவளுக்கு ரயிலிலேயே பாதி லீவு கரைந்துவிடும். காலி விடுதியில் உட்கார்ந்து அழுது பார்த்தாள், அதுவும் அலுத்துப்போனது. கான்கிரீட் சோதனைக் கூடத்துக்குப் போய், "அண்ணே, சும்மா இருக்க முடியல, ஏதாவது வேலை குடுங்க" என்று டெக்னீஷியனை நச்சரித்தாள். கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு பாரத்தில் உடைகின்றன என்று பார்க்கும் வேலை. நாலு வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் உடைத்திருப்பாள். அப்படியொரு லீவு நாளில், கட்டடங்களைச் சோதிக்கும் கம்பெனியின் மேனேஜர் அவசரமாகக் கட்டிகளோடு வந்தார். கூடத்தில் இவளைத் தவிர ஈ காக்கை இல்லை. வேலையைப் பார்த்தவர், "படிப்பு முடிஞ்சதும் என்னை வந்து பாரும்மா" என்றார்.

போய்ப் பார்த்தாள். மூன்று மாதம் தற்காலிகம், சரிப்பட்டால் நிரந்தரம்.

கடைசி வாரத்தில்தான் வினை வந்தது. பன்னிரண்டு மாடிக்கு எழும்பப்போகும் கட்டடம். கீழ்த்தளத் தூணில் ஊற்றிய அதே கலவை என்று ஒப்பந்தக்காரர் ஆறு கட்டிகள் கொடுத்தார். ஆறும் கிட்டத்தட்ட ஒரே பாரத்தில் உடைந்தன, அதுவும் தேவைக்கு மேலேயே. அவளுக்கு மேலே இருந்த இன்ஜினியருக்கு வாயெல்லாம் பல்.

"ரிப்போர்ட்ல கையெழுத்தைப் போடு. மேல்தளம் ஆரம்பிக்கணும்."

அவள் ஆறு எண்களையும் மறுபடி வரிசையாகப் பார்த்தாள். ஒரே சட்டியில் கலந்தது கூட முன்னே பின்னேதான் உடையும். இத்தனை ஒற்றுமையை அந்த ஆயிரத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"சார், இது நமக்குக் காட்டுறதுக்குன்னே தனியாப் பார்த்துப் பார்த்துக் கலந்தது. தூண்லேயே துளை போட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்க்கணும்."

"வந்து மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள இந்தப் பேச்சா? வேலை நிலைக்கணுமா வேண்டாமா?"

"நிலைக்கணும் சார். கட்டடமும் நிலைக்கணுமே."

பேனாவை மூடிவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டாள். 

இரண்டு நாள் கழித்து, தூணிலிருந்து எடுத்த துண்டு வேண்டிய பாரத்தில் பாதிகூடத் தாங்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது. மேனேஜர் தூணை இடிக்கச் சொன்னார். நிரந்தர வேலைக்கான கடிதத்தை அவரே கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். எதிர்முனையில் பஸ் நிலைய இரைச்சல்.  அதற்கு மேலே அப்பாவின் குரல், அவளிடம் அல்ல, பக்கத்தில் இருந்த கண்டக்டரிடம் வெடித்தது:

"யோவ், எம்பொண்ணு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா, ஒரு தூணையே இடிக்கிறாங்கய்யா!"