சலவை வேனைத் துரத்தினோம்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. திருவிடைமருதூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பொறுப்பாளர். எங்களோடு இருந்த பெரியவர் ஒருவருக்குத் திடீரென மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, துபாயில் இருக்கும் அவர் மகனுக்குப் போன் செய்துவிட்டு, மாற்று வேட்டியோடு நானும் பஸ் பிடித்தேன்.

வார்டுக்குள் நுழைந்து அவர் கட்டிலைத் தேடிப் போனேன். அவருடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். கண்கள் மிரண்டு போயிருந்தன.

"பேரு கேட்டா பதில் இல்ல. ட்ரிப்ஸைப் பிடுங்கி எறியறாரு. மூளையில ஏதோ பாதிப்பு போல. ஐசியூவுக்கு மாத்தப் போறோம்" என்றார் டாக்டர்.

காலையில் என்னைக் கிண்டல் செய்தபடி காபி குடித்த மனிதர்! நம்ப முடியாமல் அவர் தலையைத் தடவியபோதுதான் கவனித்தேன். காதுகள் இரண்டும் காலியாக இருந்தன.

"டாக்டர், காது மெஷின் இல்லன்னா இவருக்கு இடி இடிச்சாலும் கேக்காதுங்க. அது எங்க?"

நர்ஸ் ஒருவர் யோசித்தார். "ஸ்கேனுக்குக் கழட்டுனாங்க மேடம். தலையணைகிட்ட வெச்சதைப் பார்த்தேன்."

ஆனால் அந்த ஸ்ட்ரெச்சரின் விரிப்பும் தலையணை உறையும் சலவைக்குப் போய்விட்டன. இருவரும் படியிறங்கி ஓடினோம். பின்வாசலில் சலவை வேன் கிளம்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க!" நர்ஸ் போட்ட சத்தத்தில் வண்டி நின்றது.

கையுறை மாட்டிக்கொண்டு மூட்டைகளைப் பிரித்தோம். ரத்தக்கறை, மருந்து நெடி, ஈரம். மேலே அவரை அதற்குள் ஐசியூவுக்குக் கொண்டுபோயிருப்பார்களோ என்று அடுத்த மூட்டையை இழுத்தேன். "நேரமாவுது மேடம்" என்று அவசரப்படுத்திய டிரைவர், என்ன நினைத்தாரோ, அவரே இறங்கி வந்து ஒரு மூட்டையை அவிழ்த்தார். அவர் உதறிய உறையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஏதோ கீழே விழுந்தது. இரண்டு மெஷினும் அதற்குள் இருந்தன.

ஓடிப்போய், துடைத்து, பெரியவர் காதில் பொருத்தினேன். "ஐயா, நான்தான் வந்திருக்கேன்."

அவர் உடம்பின் விறைப்பு அப்படியே தளர்ந்தது. "எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறாங்கம்மா. எதுக்குக் கட்டுறாங்கன்னே தெரியல" என்று அழுதுவிட்டார்.

டாக்டரே கட்டை அவிழ்த்தார். பெயரும் ஊரும் கேட்டார். இரண்டையும் தெளிவாகச் சொன்ன பெரியவர், "மழை விட்டுடுச்சா? நட்ட வயல்ல தண்ணி நிக்குமே" என்று அவரையே திருப்பிக் கேட்டார். ஐசியூ தேவைப்படவில்லை. நெஞ்சுச் சளிக்கு வைத்தியம் பார்த்து, சில நாளில் அனுப்பி வைத்தார்கள்.

இப்போது எங்கள் இல்லத்திலிருந்து யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாம் பெயர் எழுதிய டப்பாவில், கூடப் போகிறவர் மடியிலேயே இருக்கும். யாராவது கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விழித்தால், அவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைக்கும் முன், இன்றும் நான் முதலில் பார்ப்பது அவர் காதைத்தான்.