முப்பது வினாடி நுரை

முப்பது வினாடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறேன், அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது. குக்கர் மூடியில் வெயிட் போடுகிற இடத்தில் ஒரு வளைந்த குழாயை மாட்டி, அதன் நுனியைப் பால் ஜக்குக்குள் முக்கி, திருகைத் திறப்பார் என் கணவர். புஸ்ஸென்று ஆவி இறங்கும். பால் நுரைத்து விளிம்பு வரை எழும்பும். கூடத்திலிருந்து எட்டிப் பார்க்கும் அவருடைய தொழிற்சாலை நண்பர்கள் கைதட்டுவார்கள். அந்த முப்பது வினாடிக்காக பிம்ப்ரியில் அவருக்கு 'எஸ்பிரஸோ சாகேப்' என்று பெயர். அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அடுப்படியில் நின்றவளுக்கு ஒரு பெயரும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அவர் புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பிரிவில் இருந்தார். நான் திருநெல்வேலியிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காக இருந்தேன். அப்போது கல்யாண ரிசப்ஷன்களில் ஒரு பெரிய மெஷினை நிறுத்தி, ஆவியில் பாலை நுரைக்க வைத்து, மேலே சாக்லேட் பொடி தூவிக் கொடுப்பார்கள். அதற்குத்தான் எஸ்பிரஸோ என்று பெயர். இத்தாலிக்காரன் பார்த்தால் சண்டைக்கு வருவான், நமக்கென்ன. அதே நுரையை வீட்டு குக்கரிலேயே வரவழைக்கும் குழாய் ஒன்றை ஒரு பொருட்காட்சியில் பார்த்து இவர் வாங்கி வந்துவிட்டார். நாள் முழுக்க ஆவியோடு பழகுகிற மனிதர். ஆவி வீட்டுக்கே வந்தால் விடுவாரா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் வருவார்கள். மராத்திக்காரர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட சஹா, அதாவது டீ, வேண்டும். நம் ஊர்க்காரர் இருவருக்குக் காபி இல்லாவிட்டால் பொழுது விடியாது. இரண்டையும் ஒரே கோப்பையில் ஊற்றி மேலே நுரை போட்டால் என்ன என்று இவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை அவருடையதுதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் யோசனையைக் குடிக்க முடியாது.

குடிக்கும்படி ஆக்கியது நான். முதல் நாள் டீயையும் டிகாக்ஷனையும் ஒன்றாகக் கொதிக்க விட்டதில் கஷாயமாகிப் போனது. பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. டிகாக்ஷன் அடுப்பைப் பார்க்கவே கூடாது. ஃபில்டரில் நிறையத் தூள் போட்டு, முதலில் இறங்குகிற கெட்டி டிகாக்ஷனை மட்டும் தனியாக வைக்க வேண்டும். இஞ்சி, ஏலக்காய், இரண்டு கிராம்பு, நாலு மிளகு, சந்தையில் கட்டாக விற்கிற, எலுமிச்சை வாசனை அடிக்கும் கவதி சஹா புல் இரண்டு இழை, எல்லாம் தண்ணீரில் நன்றாகக் கொதித்த பிறகே டீத்தூள். நுரைப்பால் விழுந்தால் நீர்த்துப்போகும் என்பதால் தூளை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு போட வேண்டும். வடிகட்டிய டீ அரைக் கோப்பை, அதன்மேல் மூன்று ஸ்பூன் டிகாக்ஷன், கடைசியில் பால். டீயின் வாசனை முன்னால் வந்து காபியின் கசப்பு பின்னால் நிற்க வேண்டும். இத்தனையும் நான் முடித்து வரிசையாகக் கோப்பைகளை வைத்த பிறகு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு இவர் உள்ளே வருவார். நோகாமல் நுங்கு தின்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் வெறும் டீ விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். அந்த வருஷம் எங்கள் வங்கியில் கிளார்க்கிலிருந்து ஆபீசராவதற்கான தேர்வு அறிவித்திருந்தார்கள். திங்கள் முதல் சனி வரை கவுண்டர், சமையல், துணி. படிக்க எனக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான். ஆறு மணிக்குப் புத்தகத்தை விரித்தால் ஏழுக்குக் கூடத்திலிருந்து குரல் வரும்.

"ஒரு அரைமணி நேரந்தானே. அவ்வோ போன பெறவு நீ உக்காந்து படி."

அவர்கள் போக மணி பதினொன்றாகும். பிறகு கோப்பைகளைக் கழுவி, பால் ஒட்டிய குழாயை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, மதியச் சமையல். குழாயைக் கழுவ வேண்டும் என்பதே எஸ்பிரஸோ சாகேபுக்குத் தெரியாது. எள் என்றால் எண்ணெயாக நின்ற என் மீதும் எனக்குக் கோபம் உண்டு. முதல் ஞாயிறே முடியாது என்று சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் "வஹினி" என்று அண்ணியாக நினைத்து வாய் நிறையக் கூப்பிடும்போது முகத்தைச் சுளிக்க எனக்கு வரவில்லை.

தேர்வில் அடகுக்கும் அடமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை ஒரு ஞாயிறு பாதி படித்துக்கொண்டிருந்தபோதுதான் கூப்பிட்டார். திரும்பி வந்து மீதியைப் படிக்கவேயில்லை. பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மார்க்கில் போயிற்று.

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் கதவுக்கு வெளியே நின்று, ஆபீசர் ஆகாட்டா என்ன, இருக்கிற வேலை எங்கேயும் போய்விடாது என்று ஆறுதல் சொன்னார். கெட்ட மனிதரில்லை. உண்மையாகவே ஆறுதல் சொல்கிறோம் என்றுதான் நினைத்தார். எனக்குத்தான் கதவைத் திறந்து அந்த நுரைக் குழாயை எடுத்து மாடியிலிருந்து வீச வேண்டும் போல இருந்தது.

மறுவருஷம் இன்னொரு வாய்ப்பு வந்தது. அதையும் விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் சிஞ்ச்வட்டில் தனியாக இருந்தாள். அவளும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இனி ஞாயிறு ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை நான் அவள் வீட்டில் இருப்பேன் என்று இவரிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்றார். டீ போடும் முறையை எழுதி வைக்கிறேன் என்றதற்குச் சிரித்தார்.

"டீ போடுததுல என்ன பெரிய வித்தை இருக்கு? ஆவியைப் பத்தி எனக்கா சொல்லித் தரணும்?"

சரி என்று விட்டுவிட்டேன். குக்கரில் துவரம்பருப்பு, தண்ணீர், மஞ்சள்தூள், பெருங்காயம் போட்டு மூடி, பத்தரைக்கு அடுப்பை மூட்டி நாலு விசிலில் அணைக்க மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

பதினொன்றரைக்கு வந்தால் வீட்டில் யாருமில்லை. அடுப்பைச் சுற்றி டைல்ஸில் மஞ்சள் மஞ்சளாகத் தெறித்திருந்தது. குக்கரில் பருப்பு அரைவேக்காட்டில் கிடந்தது. என்ன நடந்தது என்று இவர் சொல்லவில்லை. மறுநாள் அவருடைய நண்பர் ஒருவரின் மனைவி, மராத்திக்காரர், என் கவுண்டருக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, நேற்றைய டீயில் பெருங்காயம் போடுவது உங்கள் ஊர் வழக்கமா என்று விசாரித்தார். முதல் கோப்பை வாங்கிய வீட்டுக்காரர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை எங்கள் கூடத்துத் தொட்டிச் செடிக்கு ஊற்றினாராம், மற்றவர்களுக்கு அந்த டீ போகவேயில்லையாம்.

எனக்குப் புரிந்துவிட்டது. பருப்பு எப்படியும் வேகப்போகிறது, ஆவி எப்படியும் வீணாகப் போகிறது, ஒரே அடுப்பில் இரண்டு வேலை என்று பாய்லர்காரர் கணக்குப் போட்டிருக்கிறார். பருப்பு குக்கரிலேயே குழாயை மாட்டிவிட்டார். அந்தக் குழாய்க்கு வெறும் தண்ணீர்தான் கொதிக்க வேண்டும் என்பது ஒரு வருஷமாக என் கை மட்டுமே அறிந்த ரகசியம். ஒவ்வொரு ஞாயிறும் சின்ன குக்கரைப் புளி போட்டுத் தேய்த்து, இரண்டு தம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றி நான் வைத்திருந்ததை அவர் பார்த்ததேயில்லை. ஆவி தானாக வந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் உட்கார்ந்தபடி நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து கேஷியர் எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு குக்கர் ரப்பர் போய்விட்டது என்று ஒரு காரணம் சொல்லி, கூட்டத்தை முக்கில் அம்ருத்துல்ய என்று பலகை போட்டிருந்த டீக்கடைக்கு இவர் மாற்றிவிட்டார். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. தேர்வு வரைக்கும் எல்லா ஞாயிறும் நான் சிஞ்ச்வட்டில் தரையில் உட்கார்ந்து படித்தேன். அடகும் அடமானமும் எனக்கு மனப்பாடம். பாஸாகிவிட்டேன். புனேயைத் தாண்டிக் கடக்வாஸ்லா பக்கம் ஒரு கிளையில் ஆபீசராகப் போட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். அதைக்கூட நான் சந்தோஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இவருக்கும் சந்தோஷம். அடுத்த ஞாயிறு பேடா வாங்கி வைத்து எல்லோரையும் குடும்பத்தோடு கூப்பிட்டார். நம் ஊர்க்காரர் இருவரும் ஊருக்குப் போயிருந்ததால் மராத்திக்காரர்கள் மட்டும் வந்தார்கள். எனக்காகக் கூப்பிட்டிருக்கிறார், ஒருநாள்தானே என்று நானும் பழையபடி இஞ்சி தட்டப் போனேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் இவர் மராத்தியில் பேசிக்கொண்டிருந்தது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. வீட்டில் ஒரு பெண் முன்னேற வேண்டுமென்றால் ஆண்பிள்ளை கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் அவளைப் படிக்க அனுப்பிவிட்டு, டீயிலிருந்து எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன் என்றார்.

யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள்.

என் கையில் இஞ்சி இருந்தது. டீதான் போகட்டும், நுரைதான் போகட்டும். நான் தரையில் உட்கார்ந்து படித்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒருவர் பேடா தட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறாரே என்று நெஞ்சு எரிந்தது. அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், அந்த மராத்திப் பெண்மணிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நண்பர்கள் வந்த ஞாயிறு எதிலும் நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததில்லை. இவர் என்ன என்பதுபோலப் பார்த்தார்.

"இன்னைக்கும் நீங்களே போட்டுருங்க," என்றேன். அதையே மராத்தியிலும் சொன்னேன், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக.

நண்பர்களுக்கு ஒரே உற்சாகம். சாகேப் கையால் டீ என்று இவரைத் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பினார்கள். பெருங்காய டீ குடித்தவர் மட்டும் தொட்டிச் செடியைப் பார்த்தார். உள்ளே ஒரு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு மூடும் சத்தம். இன்னொன்று திறந்தது. கீழ் அலமாரி திறந்தது. கடைசியில் இவர், மற்றவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில், உள்ளேயிருந்து தமிழில் கேட்டார்.

"ஏட்டி, டீத்தூளு எங்க இருக்கு?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், சாகேப் என்ன சொல்கிறார் என்று.

நான் வார்த்தை பிசகாமல் மராத்தியில் சொன்னேன்.