உள் வளையம்

என் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. அது தெருவில் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு நிற்கும். ஷெட்டுக்குள் நடுநாயகமாக நிற்பது இருபது டன் ஹைட்ராலிக் பிரஸ். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம், அதில் ஒரு ஜாக்கி, பம்ப் அடிக்க ஒரு லீவர், அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்ட முள் வைத்த மீட்டர். அவ்வளவுதான். "எனக்கு வாய்ச்ச சக்களத்தி" என்பார் அண்ணி. அதைச் சிரித்துக்கொண்டு சொன்ன காலமும் உண்டு, சிரிக்காமல் சொன்ன காலமும் உண்டு.

அண்ணனுக்கு வேலை ஒரு பாட்டில் கம்பெனியில். பாட்டில்கள் நகர்ந்து போகும் பட்டைக்கு அடியில் உருளைகள் இருக்கும். அந்த உருளைகளின் பேரிங்கைக் கழற்றி மாட்டுவதுதான் இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதையே செய்ய ஒரு மெஷின் வாங்கிப் போட்டவரை என்ன சொல்வது? "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன்.

"அங்க அவசரப்படுத்துவாங்க. இங்க யாரும் இல்ல."

அவருக்கு அதுவே நீளமான பேச்சு. சின்ன வயதிலிருந்து நான் அவரை அமுக்குணி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் நான் எதையாவது உடைத்தால் தெரு முழுக்கத் தெரியும். அவர் உடைத்தால் ஒரு வாரம் கழித்து நாமே கண்டுபிடித்தால்தான் உண்டு.

அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். பிரஸ்ஸில் எதை வைத்தாலும் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்ப்பார். பிறகு தள்ளி நின்று மறுபடி பார்ப்பார். இரும்பு உடைந்து தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து என்பதால் ஒரு பழைய கம்பளியைச் சுற்றிப் போர்த்துவார். அப்புறம்தான் லீவரில் கை வைப்பார். தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை என்று அண்ணி குத்துவார்.

அவர் வீட்டுக்குப் போகிற நாளெல்லாம் ஷெட்டுக்கு டீ கொண்டுபோவது நான்தான். அப்போது அவரே வாய் திறந்து சொன்ன ஒரே பாடம் பேரிங் பாடம். பேரிங்குக்கு வெளி வளையம் ஒன்று, உள் வளையம் ஒன்று, நடுவில் குண்டுகள். சக்கரத்து இரும்புக் கூட்டுக்குள் அதை இறக்கும்போது வெளி வளையத்தின் மேல்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் பாரம் முழுக்கக் குண்டுகள் வழியாக இறங்கி, உள்ளே பள்ளம் விழும். வெளியே புதுசாகவே இருக்கும். ஓடும்போதுதான் வினை, சக்கரமே இறுகிப் போகலாம்.

என் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய் ஜெனரேட்டர் ரிப்பேர் செய்பவர். வீட்டில் தங்குவது வாரத்தில் ஒரு நாள், அன்றும் காலில் வெந்நீர் ஊற்றியதுபோல் நிற்பார். காரின் முன் சக்கரத்தில் ஊளைச் சத்தம் வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு ஓட்டிப் போனார். மத்தியானத்துக்குள் பேரிங் மாற்றித் திரும்பிவிட்டார். "மச்சான் கை வச்சா மச்சான்தான்" என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியும்போதே கிளம்பினார்.

மூன்றாம் நாள் மழையில், ஒரு வளைவில், கார் சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். போலீஸில் மழை, வேகம், வழுக்கல் என்று எழுதி முடித்தார்கள். நொறுங்கிய காரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போனார். கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த என் மகளும் நானும் அந்த வீட்டில் மிஞ்சினோம். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. மழையைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

முதலில் அண்ணன் தினமும் வந்தார். கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் மகள் மட்டும் "மாமா, சாப்பிடுங்க" என்று தட்டைக் கையில் வைத்தால் சாப்பிடுவார். பிறகு வாரம் ஒரு முறை ஆயிற்று. பிறகு இரண்டு மாதம் ஆளையே காணோம். அண்ணியிடம் கேட்டால், "ஷெட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறார், வேலையும் செய்யறதில்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம் நானே நேராக ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் வேலை மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். மேசை மேல் துருப்பிடித்த சக்கரக் கூடு ஒன்று இருந்தது.

"என்னண்ணா இது?"

"மாப்பிள்ளை கார்து. இரும்புக் கடையில போய்க் கழட்டிட்டு வந்தேன்."

"எதுக்கு?"

கூட்டின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு வெளி வளையத்து அளவுக்குக் குழாய்த் துண்டு கிடைக்கல. மாப்பிள்ளை வேற அவசரப்படுத்தினார். சின்னதை வச்சு அழுத்திட்டேன். அது உள் வளையத்துல உக்காந்துருச்சு. டிக்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுட்டு?"

"அடுத்த வாரம் வாங்க, வேற மாத்திடலாம்னு சொன்னேன்."

"ஏன்னு சொன்னியா?"

"சொல்லல."

"அப்ப உன்னாலதான் செத்தாரா?"

"தெரியலம்மா. உள்ள பள்ளம் இருந்தா நான்தான். இல்லன்னா மழைதான். அதைப் பார்க்கத்தான் கொண்டு வந்தேன். கை வரல."

"உனக்குக் கை வராது. எனக்கு வரும்." கூட்டைத் தூக்கினேன். கனம் இடுப்பை இழுத்தது. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பிரஸ்ஸின் இரண்டு இரும்புக் கட்டைகள் மேல் அதை வைத்து, நடுத் துளையில் ஒரு உருட்டுக் கம்பியை நிறுத்தினேன்.

"வேண்டாம்மா. அதுல வச்சு அழுத்தக் கூடாது. மெதுவா நான்..."

"எட்டு மாசமா மெதுவாத்தானே இருக்க! இன்னும் என்னத்தை மறைக்கப் போற?"

கையைப் பிடித்தார். "தொடாதே" என்றேன். விட்டுவிட்டார். நான் பம்ப் அடிக்க ஆரம்பித்ததும் ஓடிப்போய் அந்தக் கம்பளியை எடுத்து வந்து கூட்டின் மேல் போர்த்திவிட்டுப் பின்னால் நகர்ந்தார். முள் ஏறிக்கொண்டே போனது. துரு பிடித்த இடம் அசையவில்லை. உடம்பு முழுக்க லீவரில் போட்டு அழுத்தினேன். படாரென்று ஒரு சத்தம் கேட்டது. ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது.

கம்பளியை விலக்கினேன். பேரிங் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. குண்டுகள் தரையில் உருண்டன. கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். சம இடைவெளியில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் இருந்தன.

"பாரு! இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றார் அண்ணன். வளையத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நீ இப்ப அழுத்தினதும் உள் வளையம் வழியாத்தான்மா. இதுல வச்சு வெளிய தள்ளினா எந்த பேரிங்கா இருந்தாலும் பள்ளம் விழும். நல்ல பேரிங்கா இருந்தாலும் விழும். அதான் அறுத்துப் பார்க்கணும்னு இருந்தேன்."

அப்போதுதான் மேசையின் மறு கோடியைப் பார்த்தேன். அறுக்கும் மெஷின் புது பிளேடு மாட்டித் தயாராக இருந்தது.

"சரி, இப்ப அறுத்துப் பாரு. பழைய பள்ளம் எது, புதுசு எதுன்னு தெரியாதா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் விழும். மூணு நாள்தான் ஓடியிருக்கு. மேல துரு வேற. இனிமே யார் பார்த்தாலும் தெரியாது."

லீவர் பட்டு உள்ளங்கை எரிந்தது. அண்ணன் தரையில் தவழ்ந்து ஒவ்வொரு குண்டாகப் பொறுக்கினார். "விடு. நான்தான்னே வச்சுக்க" என்றார். குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது கையெல்லாம் கிரீஸ். மகள் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். குழாய்த் துண்டு, டிக் சத்தம், அடுத்த வாரம் வாங்க என்றது, எல்லாம் சொன்னேன்.

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம்."

"பள்ளம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாயில் மாமா என்ற சொல் வரவில்லை. இது நான்காவது வருஷம். அண்ணன் வந்தால் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவாள். அவரும் அவள் போகும் வரை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார். அன்று லீவரை அடித்தது யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.